கணக்காளரின் நேர்மையும் 60 நாள் கெடுவும்

சம்பளம் தரும் முதலாளியிடமே ‘இது தவறு, இதை நான் எழுத மாட்டேன்’ என்று சொல்வது பிற ஊழியர்களுக்குத் துணிச்சல். கணக்காளருக்கோ அது வேலையின் ஒரு பகுதி. விற்காத சரக்கை விற்றதாகக் காட்டச் சொன்னாலும், வராது என்று தெரிந்த கடனைச் சொத்துப் பட்டியலில் வைக்கச் சொன்னாலும், முதலாளியின் வீட்டுச் செலவை நிறுவனத்தின் தலையில் எழுதச் சொன்னாலும் மறுக்க வேண்டியவர் அவர். மறுத்தால் வேலை போகலாம். அந்த ஆபத்து எல்லா நாட்டிலும் உண்டு. வேலையோடு சேர்ந்து, அந்த நாட்டில் குடும்பத்தோடு வாழும் உரிமையும் போய்விடும் என்றால் எத்தனை பேர் மறுப்பார்கள்? பிரிட்டனில் முதலாளியின் ஸ்பான்சர்ஷிப்பை நம்பி வேலை பார்க்கும் வெளிநாட்டுக் கணக்காளர்களின் முன்னால் நிற்கும் கேள்வி இது.

பணி விசா பற்றிய விவாதங்கள் லண்டனிலும் சரி, சென்னையிலும் சரி, எண்ணிக்கையையும் கட்டணத்தையும் சுற்றியே நடக்கின்றன. எத்தனை பேர் வருகிறார்கள் என்று அங்கே கேட்கிறார்கள். எவ்வளவு செலவாகும் என்று இங்கே கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். ஆனால், கணக்கைச் சரிபார்க்க வேண்டிய ஒருவரை அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரரோடு விசாவால் கட்டிப்போடுவது சரியா என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

முதலாளியின் கையில் எல்லை

இப்போதுள்ள ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசா 2020 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகு, ஐரோப்பியருக்கும் ஆசியருக்கும் ஒரே வழி என்ற முழக்கத்தோடு கொண்டுவரப்பட்டது இது. இதில் விண்ணப்பிப்பவரின் தகுதியைப் பார்ப்பது இரண்டாவது கட்டம்தான். வேலை தரும் நிறுவனம் முதலில் உள்துறை அமைச்சகத்திடம் ஸ்பான்சர் லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். பிறகு இன்ன ஆளுக்கு, இன்ன பணிக்கு, இவ்வளவு சம்பளத்துக்கு என்று ‘சிஓஎஸ்’ எனப்படும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை வழங்க வேண்டும். சான்றிதழ் என்று பெயரே தவிர, அது கணினியில் உள்ள ஒரு பதிவும் அதற்கான எண்ணும் மட்டுமே. அந்த எண் இல்லாமல் விசா விண்ணப்பம் செல்லாது. சி.ஏ. முடித்துப் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் இதே விதிதான்.

விசா கிடைத்த பிறகும் நிறுவனத்தின் பொறுப்பு முடிவதில்லை. ஊழியர் அனுமதியின்றித் தொடர்ந்து 10 வேலைநாள்களுக்கு மேல் வராவிட்டாலும், வேலையிலிருந்து நின்றாலும், சம்பளம் குறைக்கப்பட்டாலும் அதை உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் லைசென்ஸுக்கு ஆபத்து. அரசு தன்னுடைய கண்காணிப்பு வேலையில் ஒரு பகுதியை முதலாளியிடம் ஒப்படைத்தது. அந்த வேலையோடு அதிகாரமும் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வேலை போனதை நிறுவனம் தெரிவித்ததும், விசாவை முன்கூட்டியே முடித்துவைக்கும் கடிதம் உள்துறையிடமிருந்து வரும். பொதுவாக 60 நாள் கெடு. விசாவில் அதைவிடக் குறைந்த நாள்களே மீதம் இருந்தால், அந்த நாள்கள் மட்டும். அதற்குள் லைசென்ஸ் உள்ள இன்னொரு நிறுவனத்தைக் கண்டுபிடித்து, நேர்காணலில் தேறி, புதிய சிஓஎஸ் வாங்கி, புதிதாக விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அந்த விண்ணப்பம் ஏற்கப்படும்வரை புதிய இடத்தில் வேலையைத் தொடங்க முடியாது. மனைவி, பிள்ளைகளின் விசாவும் இதில்தான் தொங்குகிறது. வாடகை ஒப்பந்தம் பாதியில் இருக்கும். பிள்ளை பள்ளி ஆண்டின் நடுவில் இருக்கும்.

ஊழியர் எந்தத் தவறும் செய்யாவிட்டாலும் இதே கெடு வரலாம். நிறுவனம் விதிகளை மீறி லைசென்ஸை இழந்தால், அங்கே வேலை பார்ப்பவர்களின் விசாவும் முடித்துவைக்கப்படுகிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான 12 மாதங்களில் 1,948 ஸ்பான்சர் லைசென்ஸ்களை உள்துறை ரத்து செய்தது. அதற்கு முந்தைய 12 மாதங்களில் இந்த எண்ணிக்கை 937. மோசடி முதலாளிகள் மீதான நடவடிக்கை என்று அரசு இதைப் பெருமையோடு அறிவித்தது. முதலாளி செய்த மோசடிக்கு ஊழியரும் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கிறது என்பது அந்த அறிவிப்புக்குள் ஒளிந்திருக்கும் செய்தி.

எட்டாத உயரத்தில் சம்பள வரம்பு

இந்த விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2020இல் ஆண்டுக்கு 25,600 பவுண்ட். 2024 ஏப்ரல் 4 அன்று அது 26,200இலிருந்து ஒரே தாவலில் 38,700 பவுண்ட் ஆனது. 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்ட். இதோடு, ஒவ்வொரு தொழிலுக்கும் தனியாக ஒரு சந்தை ஊதியத்தை அரசு நிர்ணயிக்கிறது. இரண்டில் எது அதிகமோ அதை நிறுவனம் தர வேண்டும். தகுதியின் அளவும் அதே ஜூலையில் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டது. சார்ட்டர்டு கணக்காளர் பணி இந்த அளவுக்குள் வரும். பில் பதிவது, பேரேடு எழுதுவது, பேரோல் போடுவது போன்ற பணிகளுக்கு வழி குறுகிவிட்டது.

26 வயதுக்கு உட்பட்டவர்கள், மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்கள், அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறைத் தகுதிக்காகப் படித்துக்கொண்டே பணிபுரிபவர்கள் ஆகியோருக்கு ‘புதிய வரவு’ என்ற பெயரில் சலுகை உண்டு. அவர்களுக்கு வரம்பு 33,400 பவுண்ட். அதுவும் அதிகபட்சம் 4 ஆண்டுகளுக்குத்தான். படிப்புக்குப் பின் ‘கிராஜுவேட்’ விசாவில் கழித்த காலமும் அந்தக் கணக்கில் கழிந்துவிடும். 2024இல் வரம்பு உயர்ந்தபோது, பெரிய கணக்கியல் நிறுவனங்கள் சில, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு ஏற்கெனவே தந்திருந்த வேலை உறுதிகளைத் திரும்பப் பெற்றதாகப் பிரிட்டிஷ் நாளேடுகள் எழுதின. உலகளாவிய நிறுவனங்களே பின்வாங்கும்போது, ஈஸ்ட்ஹாமிலோ வெம்ப்ளியிலோ லெஸ்டரிலோ கடை வரிசையின் மாடியில் ஐந்தாறு பேரோடு இயங்கும் ஆடிட்டர் அலுவலகம் என்ன செய்யும்?

சம்பளத்துக்கு மேல் கட்டணங்களும் இருக்கின்றன. ஒரு சிஓஎஸ் வழங்க 2025 ஏப்ரல் முதல் 525 பவுண்ட். வெளிநாட்டவரை அமர்த்துவதற்கான ‘இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ்’ பெரிய நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டாக இருந்தது, 2025 டிசம்பர் 16 முதல் 1,320 ஆகியது. சிறு நிறுவனங்களுக்கு 480. மூன்றாண்டு விசா என்றால், பெரிய நிறுவனம் இந்த இரண்டு வகையில் மட்டும் 4,485 பவுண்ட் கட்ட வேண்டும். ஊழியர் தரப்பிலும் சுமை உண்டு. தேசிய மருத்துவ சேவைக்கான கூடுதல் கட்டணம் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், பிள்ளைகளுக்கு 776. கணவன், மனைவி, ஒரு குழந்தை கொண்ட குடும்பம் மூன்றாண்டுகளுக்கு முன்கூட்டியே கட்ட வேண்டிய தொகை 8,538 பவுண்ட். ரூபாயில் அது 10 லட்சத்தை ஒட்டி வரும்.

ஏட்டில் ஒன்று, கையில் ஒன்று

சட்டப்படி வேறு கணக்காளர் கிடைக்காமல் தவிக்கும் சிறு நிறுவனமும், எப்படியாவது தங்கிவிட வேண்டும் என்று தவிக்கும் இளைஞரும் சந்திக்கும் இடத்தில்தான் முறைகேடு பிறக்கிறது. வங்கிக் கணக்கில் முழுச் சம்பளம் ஏறும். மாதக் கடைசியில் அதில் ஒரு பகுதி ரொக்கமாக முதலாளியிடம் திரும்பிப் போகும். அல்லது சிஓஎஸ்ஸுக்கு என்று ஒரு பெருந்தொகை முன்பே கை மாறியிருக்கும். ஸ்கில்ஸ் சார்ஜை ஊழியரிடம் வசூலிப்பதற்கு எப்போதுமே தடை உண்டு. 2024 டிசம்பர் 31 முதல் லைசென்ஸ் கட்டணத்தையும் சிஓஎஸ் கட்டணத்தையும்கூட அவர் தலையில் கட்டக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. தடை இருப்பதாலேயே எல்லாம் ரொக்கத்தில் நடக்கிறது.

மற்ற தொழிலாளிக்கு இது சுரண்டல், அவர் பாதிக்கப்பட்டவர். கணக்காளருக்கு இது சுரண்டல் மட்டுமல்ல. அலுவலகத்தின் பேரோலைப் பதிவு செய்பவர் பெரும்பாலும் அவர்தான். தன்னுடைய சம்பளம் முழுமையாக வழங்கப்பட்டது என்ற பொய்ப் பதிவைத் தன் கையாலேயே எழுதுகிறார். அந்த நிறுவனத்தில் அவர் எழுதும் முதல் பொய்க்கணக்கு அவருடைய சம்பளக் கணக்கு. அதன் பிறகு வாட் வரிக் கணக்கைக் கொஞ்சம் திருத்தச் சொன்னால் எந்த முகத்தோடு மறுப்பார்? முதலாளியின் பிடியில் அவருடைய விசா மட்டுமின்றி, அவர் செய்த குற்றத்தின் சான்றும் இருக்கிறது.

சட்டம் ஒரு பக்கம், விசா மறுபக்கம்

தொழில்முறைக் கணக்காளர்களுக்கான சர்வதேச நெறிமுறை, நேர்மைக்கு வரக்கூடிய ஐந்து வகை அச்சுறுத்தல்களை வகைப்படுத்தியிருக்கிறது. சுயநலம், தன் வேலையைத் தானே மதிப்பிடுவது, ஒருதரப்புக்கு வாதாடுவது, அளவு மீறிய நெருக்கம், மிரட்டல் என்பவை அவை. வேலையை விட்டு நீக்கிவிடுவேன் என்ற பயமுறுத்தல் ஐந்தாவது வகையைச் சேர்ந்தது. அந்த அச்சுறுத்தலை ஏற்கத்தக்க அளவுக்குக் குறைக்க முடியாவிட்டால், அந்த வேலையிலிருந்தே விலகிவிடச் சொல்கிறது நெறிமுறை. உள்நாட்டுக் கணக்காளருக்கு அது கடினமான அறிவுரை. விசாவில் இருப்பவருக்கோ நடைமுறைப்படுத்தவே முடியாத அறிவுரை.

நெறிமுறையோடு விஷயம் முடிந்தாலும் பரவாயில்லை. 2002ஆம் ஆண்டின் ‘புரொசீட்ஸ் ஆஃப் கிரைம்’ சட்டப்படி, கணக்கியல் நிறுவனத்தில் பணிபுரிபவர் கறுப்புப் பணப் பரிமாற்றம் நடப்பதாகச் சந்தேகித்தால் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் 5 ஆண்டுவரை சிறை. பேசாவிட்டால் சிறை என்கிறது ஒரு சட்டம். பேசி வேலையை இழந்தால் 60 நாளில் புறப்படு என்கிறது இன்னொரு சட்டம். முறைகேட்டை அம்பலப்படுத்துபவர்களுக்கு 1998ஆம் ஆண்டின் பொதுநல வெளிப்படுத்தல் சட்டம் பாதுகாப்பு தருகிறது என்று சொல்வார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனால் இழப்பீடு கிடைக்கலாம். ஆனால், வழக்கு மாதக்கணக்கில் நடக்கும். அது முடியும்வரை தங்கியிருக்க விசா வேண்டுமே!

முதலாளி சொன்னதைச் செய்தேன் என்ற வாதம் எங்கும் எடுபடாது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, ஆண்டுக்கணக்கில் பொய்க்கணக்கு காட்டியதாக ஒப்புக்கொண்டார். 2015 ஏப்ரலில் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்த 10 பேரில், நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர்களும் இருந்தார்கள். சொந்த நாட்டில், சொந்த மொழியில், வேலை போனாலும் வீடு இருந்தவர்களே மறுக்கவில்லை. எல்லாவற்றையும் அடகு வைத்து வந்த இடத்தில் மறுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஸ்பான்சர்ஷிப் தேவையில்லையா?

ஸ்பான்சர் முறையே வேண்டாம் என்பதல்ல வாதம். இல்லாத வேலைக்கு விசா வாங்குவதைத் தடுக்க, பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்று அரசு சொல்வது நியாயம். குறைந்த சம்பளத்துக்கு வெளிநாட்டவரைப் பிடித்துவந்து உள்ளூர்க்காரரின் ஊதியத்தைக் குறைக்காமல் இருக்க, ஒரு வரம்பு வேண்டும் என்பதும் நியாயம். வேறு ஸ்பான்சருக்கு மாறிக்கொள்ளத் தடை இல்லையே என்பது மூன்றாவது வாதம். ஏட்டளவில் உண்மைதான். லைசென்ஸ் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஆனால், கட்டணமும் சம்பள வரம்பும் ஏற ஏற, பட்டியலில் பெயர் வைத்திருக்கும் நிறுவனங்களும் புதிய ஆளை ஏற்கத் தயங்குகின்றன. மாறிக்கொள்ளும் உரிமையை ஒரு கையால் கொடுத்துவிட்டு, மாறுவதற்கான இடங்களை மறு கையால் குறைத்துக்கொண்டே போகிறது அரசு.

இந்த முறையில் சுரண்டலுக்கு இடம் இருக்கிறது என்பதை வெளியார் மட்டும் சொல்லவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவே 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், இந்த விசாவில் வந்தவர்கள் சுரண்டப்படுவதைக் கண்டித்து, உள்துறையின் மெத்தனத்தைச் சாடியது. அந்த விவாதத்தில் முதியோர் பராமரிப்புத் துறைதான் முன்னால் நின்றது. அங்கே நடந்த கொடுமைகளின் அளவைப் பார்த்தால் அது இயல்பே. கணக்காளர்களின் சிக்கல் வேறு வகையானது. அங்கே வாய் மூடப்படுவதால் இழப்பவர்களில் வரித்துறை, வங்கி, பங்குதாரர், சக ஊழியர் என்று பிரிட்டிஷ் மக்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டவர் மீது இரக்கம் இல்லாதவர்கள்கூட, சொந்த நலனுக்காகவே இதை யோசிக்க வேண்டும்.

மாற்று வழிகள் இருக்கின்றன

ஆஸ்திரேலியாவிலும் முதலாளி ஸ்பான்சர்ஷிப் உண்டு; சம்பள வரம்பும் பயிற்சி வரியும் உண்டு. ஆனால், 2024 ஜூலை 1 முதல், வேலை இழந்தவருக்கு அங்கே தரப்படும் அவகாசம் ஒரு தடவைக்கு 180 நாள். விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள். அந்த இடைவெளியில் வேறு இடத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்கவும் அனுமதி உண்டு. முன்பு அங்கேயும் கெடு 60 நாளாகத்தான் இருந்தது. அதே மாதத்தில், முதலாளியின் சுரண்டலை எதிர்த்து நடவடிக்கை எடுப்பவர் அது முடியும்வரை தங்கியிருக்க ஒரு தனி விசாவும் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. ஸ்பான்சர்ஷிப்புக்குப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் அங்கே 2015 முதலே சட்டவிரோதம். பிரிட்டனின் பக்கத்து நாடான அயர்லாந்து, 2024 செப்டம்பர் முதல், 9 மாதம் பணிபுரிந்தவர் வேறு நிறுவனத்துக்கு மாறும் வழியை எளிமையாக்கியிருக்கிறது.

தொழிலாளியை முதலாளியோடு கட்டிவைக்கும் வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையை மேற்கத்திய ஊடகங்கள் நீண்ட காலமாகக் கண்டித்துவருகின்றன; கண்டிக்க வேண்டியதுதான். அந்தக் கண்டனங்களுக்குப் பிறகு கத்தார் 2020இலும் சவுதி அரேபியா 2021இலும், பழைய முதலாளியின் சம்மதமின்றி வேலை மாற வழிவகுத்தன. நடைமுறையில் குறைகள் இருந்தாலும் திசை தளர்வை நோக்கி இருக்கிறது. பிரிட்டனின் திசை நேரெதிர். நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெறுவதற்கான ஐந்தாண்டுக் காலத்தைப் பொதுவாகப் பத்தாண்டுகளாக நீட்டிக்கலாம் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கை முன்மொழிந்தது. அப்படி நடந்தால், ஒரு கணக்காளர் முதலாளியின் தயவில் காலம் தள்ள வேண்டிய ஆண்டுகள் இரட்டிப்பாகும்.

தொழில் அமைப்புகளுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. ஏசிசிஏ போன்ற அமைப்புகள் உலகெங்கும் மாணவர்களைச் சேர்க்கின்றன. உலகம் முழுதும் செல்லும் தகுதி என்று விளம்பரம் செய்கின்றன. விசா சார்ந்திருப்பதை ஒரு மிரட்டல் அபாயமாகவே நெறிமுறைப் பயிற்சியில் சேர்க்கவும், முதலாளியின் தவறைத் தெரிவித்து வேலை இழந்த உறுப்பினருக்காக உள்துறையிடம் பேசவும் அவற்றால் முடியும். கணக்காளர் விசாவை ஒரு நிறுவனத்தோடு கட்டாமல், தொழிலோடும் உறுப்பினர் தகுதியோடும் இணைக்கலாமே என்ற கோரிக்கையை முன்வைக்கும் தகுதியும் அவற்றுக்குத்தான் இருக்கிறது.

இங்கிருந்து புறப்படுபவர்கள் கவனத்துக்கு

அரசுகள் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்கள் சில உண்மைகளைத் தெரிந்துகொண்டு புறப்பட வேண்டும். பி.காம். முடித்த பிள்ளையைக் கல்விக் கடனில், லண்டனில் எம்எஸ்சி அக்கவுண்டிங் படிக்க அனுப்பும் குடும்பங்கள், படிப்புக்குப் பின் இரண்டாண்டு கிடைக்கும் கிராஜுவேட் விசாவை நம்பியே கணக்குப் போடுகின்றன. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். மாணவர் விசாவிலிருந்தே நேராக ஸ்கில்டு வொர்க்கருக்கு மாறினால் நிறுவனத்துக்கு ஸ்கில்ஸ் சார்ஜ் கிடையாது. கிராஜுவேட் விசாவுக்குப் போய்விட்டு மாறினால் உண்டு. தயங்கும் முதலாளியிடம் எடுத்துச்சொல்ல இது ஒரு நல்ல காரணம். ஆகவே, வேலை தேடலைப் படிப்பு முடிந்த பிறகு தொடங்குவது தாமதம்.

சிஓஎஸ் விலைக்குத் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் எவராக இருந்தாலும், அவர் விற்பது குற்றத்தில் ஒரு பங்கு. நிறுவனம் அரசின் பட்டியலில் இருக்கிறதா, சான்றிதழில் எழுதிய பணியும் உண்மையில் செய்யப்போகும் பணியும் ஒன்றுதானா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வேலை கிடைத்த பிறகு, குறைந்தது மூன்று மாதச் செலவைத் தனியே சேமித்து வைப்பது, வருங்காலத்தில் ‘முடியாது’ என்று சொல்வதற்கான முதலீடு.

தனிமனிதரின் சேமிப்பால் ஓர் அமைப்பின் கோளாறை ஈடுகட்ட முடியாது என்பதும் உண்மை. குடியேற்றக் கட்டுப்பாடு வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை பிரிட்டனுக்கு இருக்கிறது. சம்பள வரம்பையும் கட்டணத்தையும் அது விருப்பம்போல் வைத்துக்கொள்ளட்டும். உள்ளே அனுமதித்த கணக்காளரிடம் உண்மையான கணக்கை எதிர்பார்த்தால், அந்த உண்மையைச் சொன்ன பிறகும் அவர் அங்கே இருக்க வழி செய்ய வேண்டும். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான காலத்தை ஐந்திலிருந்து பத்தாக்கும் விதித் திருத்தத்திலேயே 60 நாளை 180 நாளாக்கும் ஒரு வரியையும், முறைகேட்டைப் புகார் செய்தவர் விசாரணை முடியும்வரை தங்கி வேலை பார்க்கும் உரிமையையும் சேர்க்கலாம். பிரிட்டிஷ் கருவூலத்துக்கு இதனால் கூடுதல் செலவு என்று சொல்ல ஏதுமில்லை. மறைக்கப்படும் வரி வெளியே வந்தால் வரவுதான்.